முகவரி தீர்ந்த உலகில் ஒரு பினாங்குப் பேராசிரியர்

பாயான் லெப்பாஸ் சிப் கதை எல்லாருக்கும் தெரியும். 1972-இல் இன்டெல் வந்தது, மற்றவர்களும் வந்தார்கள். பக்கத்தில் கெலுகோரில், யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் நடந்த கணினி வலையமைப்பு வேலைதான் நம்ம ஆட்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. அதில் முக்கியமானவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ்.

மயாமி பல்கலைக்கழகத்தில் 1987-இல் இளங்கலை, 1990-இல் முதுகலை. முனைவர் பட்டம் மட்டும் 2000-இல் யூஎஸ்எம்மிலேயே, அங்கே பாடம் நடத்திக்கொண்டே. உள்ளூர்ப் பட்டம் என்றால் உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

முதலில் அவர் எடுத்துக்கொண்டது காணொளிக் கூட்டம். பத்துப் பேர் கூடி, ஒவ்வொருவர் படமும் மற்ற ஒன்பது பேருக்கும் போனால் 90 ஓட்டங்கள். அந்தக் காலத்து லைன் தாங்குமா? அவருடைய குழு ஒரு விதி வைத்தது: கூட்டத் தலைவர், பேசுகிறவர், இந்த இருவரின் படமும் குரலும் மட்டும் போகும். மற்றவர்கள் அனுமதி கேட்டுத்தான் பேச வேண்டும். 90 ஓட்டம் 18 ஆகிவிடும். நம்ம சங்கக் கூட்டத்தில் ஒரே மைக்கைக் கைமாற்றுவது போலத்தான். (அங்கே வாங்கினவர் திருப்பித் தர மாட்டார், அது வேற கதை.) இந்த ஆய்வின் வழியில் எம்லேப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அது பங்குச் சந்தைக்கும் போனது.

அடுத்து வந்தது முகவரிப் பஞ்சம். ஐபிவி4 முகவரி 32 பிட், மொத்தமே சுமார் 430 கோடி. 128 பிட் கொண்ட ஐபிவி6-க்கு நாட்டைத் தயார்படுத்த 2005-இல் யூஎஸ்எம்மில் ஒரு தேசிய மையம் அமைந்தது. இயக்குநராக இருந்தவர் இவர்தான்.

அப்போது பலருக்கு அது அவசரமாகத் தெரியவில்லை. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஆபீஸ் முழுவதையும் ஒளித்து வைக்க ‘நாட்’ இருந்ததே! எங்கள் ஃபேக்டரி இயந்திரங்கள்கூட 192.168 என்றுதான் தொடங்கும். ஆனால் நாட்டுக்குப் பின்னால் இருப்பவரை வெளியிலிருந்து நேராகக் கூப்பிட முடியாது, நடுவில் ஒரு சர்வர் வேண்டும். காணொளிக் கூட்டம் கட்டியவருக்கு இந்த இடைஞ்சல் நன்றாகவே புரிந்திருக்கும். என் பார்வையில் அவருடைய இரண்டு வேலையும் ஒன்றுதான்.

2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பகிரப்பட்டன. ஏப்ரலிலேயே ஆசிய பசிபிக் வட்டாரத்தில் வழக்கமான வினியோகம் நின்றது. வட்டாரங்களில் முதலில் வற்றியது நம்முடையதுதான்.

இப்போது உங்கள் கைப்பேசி செட்டிங்ஸில் ஐபி முகவரியைப் பாருங்கள். புள்ளி வைத்த நாலு எண்களோடு, முக்காற்புள்ளி போட்ட நீளமான ஒன்றும் இருந்தால், அதுதான் ஐபிவி6.