நூறில் ஒரு பங்கு

ரப்பர் மரம் சீவும் நம் தாய்மார்களின் கையில் அளவுகோல் இல்லை. ஆனாலும் பட்டையை வெட்டும்போது, மரத்தை ஒட்டியிருக்கும் மென்படலத்திற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்பாகவே கத்தி நின்றுவிடுகிறது. மீறினால் மரத்தில் காயம் விழும். பழகிய கையையும் கண்ணையும் நம்பி இவ்வளவு தூரம் போகலாம். இதற்கும் கீழே போக மனிதன் என்ன செய்தான் என்பதை இன்று பார்ப்போம்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஓர் இரும்புத் தண்டு. எங்கள் பள்ளியில் படித்து, பட்டணத்துப் பட்டறை ஒன்றில் கடைசல் வேலை பழகிய பையன் கடைந்தது. பேரிங்கில் இறுகப் பொருந்த வேண்டிய தண்டு ஆடியது. ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் தகப்பனார் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி எடுத்து வந்து, “வாத்தியாரையா, பையன் கவனமில்லாமல் இருந்துவிட்டானா?” என்று கேட்டார்.

பெரிய மேதைகளுக்கே வந்த தொல்லை இது. ஜேம்ஸ் வாட் 1769இல் தம் நீராவி இயந்திர முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் சரியான வட்டமாகக் குடைந்த சிலிண்டர் கிடைக்காமல் நீராவி ஓரங்களில் ஒழுகிற்று. 1774இல் பீரங்கி குடையும் புது முறையைக் கண்ட ஜான் வில்கின்சன்தான் பிறகு அவருக்கு நல்ல சிலிண்டர்களைக் குடைந்து தந்தார். 50 அங்குலச் சிலிண்டரில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூட இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் 1776இல் பெருமைப்பட்டார். இன்று அந்தப் பிழையோடு வேலை செய்தால் பயிற்சிப் பையனுக்கும் திட்டு விழும்!

இரண்டு கருவிகள் நிலைமையை மாற்றின. பிரெஞ்சுக்காரரான பியேர் வெர்னியர், கோணம் அளக்கும் கருவிக்காக 1631இல் ஓர் உபாயம் வெளியிட்டார். 9 மில்லிமீட்டர் நீளத்தைப் பத்தாகப் பிரித்த சிறு கோலைப் பெரிய கோலின்மேல் நகர்த்தினால், எந்தக் கோடு எதனோடு சேர்கிறதோ அதிலிருந்து பத்தில் ஒரு பங்கைப் படிக்கலாம். வெர்னியர் காலிப்பர் இதில் பிறந்தது.

மற்றொன்று திருகு. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி தம் பட்டறைக்கென ஒரு திருகு அளவி செய்துவைத்தார். தகராறு வந்தால் அதன் தீர்ப்பே முடிவு என்பதால் அதற்கு ‘லார்டு சான்சலர்’ என்று பெயர். 1848இல் பாரிஸில் பால்மர் கையடக்கமான மைக்ரோமீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றை 50 கோடுகளாகப் பிரித்தால் ஒரு கோடு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதில் பொருளும் திருகும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. காலிப்பரில் பொருள் கோலுக்குப் பக்கத்தில் நிற்பதால், தாடை சற்றுச் சாய்ந்தாலும் கணக்குத் தவறும். ஆகவே பொதுவான அளவுக்குக் காலிப்பர். பேரிங் உட்காரும் இடத்திற்கு மைக்ரோமீட்டர்.

அந்த மைக்ரோமீட்டரே சரியா என்று எப்படி அறிவது? சுவீடன் நாட்டுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை செய்த யோஹான்சன் 1896இல் இதற்கு வழி கண்டார். கண்ணாடிபோல் மழமழப்பாக்கிய 102 எஃகுக் கட்டைகள். ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்த்தால் சுமார் 20,000 அளவுகள் கிடைக்கும். வீட்டுத் தையல் இயந்திரத்தை மாற்றியமைத்துத்தான் கட்டைகளைத் தேய்த்தாராம்.

இனி அந்தத் தண்டுக்கு வருவோம். பையனைக் கூப்பிட்டு விசாரித்தோம். கடைசல் இயந்திரத்திலிருந்து கழற்றிய சூட்டோடு காலிப்பரால் அளந்திருக்கிறான். எஃகு சூட்டில் நீளும். அதனால்தான் அளவுகளை 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கணக்கிட வேண்டும் என்று 1931இல் நாடுகள் ஒப்புக்கொண்டன. 50 மில்லிமீட்டர் தண்டு 40 பாகை கூடுதல் சூட்டில் நூறில் இரண்டு பங்குக்கு மேல் பருத்துக் காட்டும். ஆறியதும் அவ்வளவும் குறைந்துவிடும். கவனக் குறைவில்லை ஐயா, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று தகப்பனாரிடம் சொன்னோம்.

அடுத்த சம்பளத்தில் பழைய மைக்ரோமீட்டர் ஒன்று வாங்கப்போவதாகப் பையன் சொன்னான். மூடினால் சுழியத்தில் நிற்கிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கொடு என்று சொல்லி அனுப்பினோம்.