சித்தாந்த சங்கிரகம் பிறந்த கதை

பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரில் 1850களில் ஒரு குடியானவர் நில வழக்கில் சிக்கினால், அது சென்னை சதர் அதாலத் வரை போகக்கூடும். பெரம்பலூர்ச் சீமை அன்று திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தது. கம்பெனி ஆட்சியில் ஜில்லாக் கோர்ட்டுகளின் தீர்ப்பு மேல்முறையீட்டுக்குப் போன இடம் சதர் அதாலத். அதன் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் அச்சாயின. கீழ்க்கோர்ட்டுகள் அவற்றைப் பார்த்தே நடந்தன. தன் நிலம் எந்த நியாயத்தால் போனது என்று அந்தக் குடியானவர் தன் மொழியில் படிக்க வழியில்லை.

வழி திறந்தவர் வேதநாயகம் பிள்ளை. திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826-ல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சிக் கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்துவிட்டு, 1857-ல் தரங்கம்பாடி முன்சீப் ஆனார். வாயைத் திறந்து கெஞ்ச மட்டுமே தெரிந்த கட்சிக்காரருக்கும், அவருக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட தீர்ப்புக்கும் நடுவே உட்கார்ந்திருந்தவர் அவர்.

1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத் தீர்ப்புகளின் சாரத்தைத் தொகுத்துத் தமிழாக்கி, 1862-ல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். சாட்சி, பிராது, டிக்ரி என்று நாள் ஓடும் முன்சீப் வேலைக்கு நடுவே அரை நூற்றாண்டுத் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்த உழைப்பு அது. அதே ஆண்டில்தான் சதர் அதாலத் மறைந்து சென்னை உயர் நீதிமன்றம் வந்தது.

வேதநாயகத்தைப் போன்ற கிறிஸ்தவர்கள் அரசைப் பற்றிப் பேசினால் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் முதலில் வரும். ஆளும் அதிகாரம் கடவுள் தந்தது, ஆள்பவர் மக்களின் நன்மைக்கான ஊழியர் என்கிறது அது. கீழ்ப்படிதலை மட்டும் அதிலிருந்து எடுத்துப் போதித்தவர்கள் பலர். ஆனால் அதே பவுல், எருசலேமில் நியாயம் கிடைக்காது என்று கண்டதும் ரோமக் குடிமகனுக்கு உரிய உரிமைப்படி ரோமப் பேரரசரான இராயரிடம் மேல்முறையீடு கேட்டார். சட்டம் தெரிந்ததால் கேட்க முடிந்தது. ஊழியர் என்றால் கணக்குக் கேட்கலாம். கணக்குக் கேட்க அந்த ஊழியர் எழுதியது புரிய வேண்டும். சித்தாந்த சங்கிரகத்தின் மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிகிறது.

வேதநாயகரும் அந்த ஒரு நூலோடு நிற்கவில்லை. 1859-லேயே ‘நீதிநூ’லில் கைக்கூலியைக் கடிந்து எழுதினார். 1879-ல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், தமிழர் வழக்கைத் தமிழ் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடும் கொடுமையைக் கேள்வி கேட்டார்.

அந்தக் கேள்வி இன்னும் நிற்கிறது. கீழமை நீதிமன்றங்களுக்குத் தமிழ் வந்துவிட்டது. அரசமைப்பின் 348-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். குடியரசுத் தலைவரின் இசைவு இருந்தால் மாநில மொழியையும் சேர்க்கலாம். தமிழுக்காகச் சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டது. இசைவு வர வேண்டும். வரும்வரை, தீர்ப்பு எவர் வாழ்வைத் தொடுகிறதோ அவர் கையில் அதன் தமிழ்ப் படி சேர வேண்டும்.