ரப்பர் கொட்டையும் நம் விளையாட்டுகளும்

தோட்ட வரலாறு என்றதும் துரை, கங்காணி, சம்பளம், போராட்டம் என்றுதான் நினைக்கிறோம். பிள்ளைகளின் விளையாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. எதை வைத்து விளையாடுவது, எந்த நேரத்தில் விளையாடுவது, யார் விளையாடுவது என்பதையெல்லாம் பெரும்பாலும் தோட்ட வேலைதான் முடிவு செய்தது. நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

முதலில் ரப்பர் கொட்டையைப் பார்ப்போம். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். பெரும்பாலானவை முளைக்கவே இல்லை. அங்கிருந்து 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். பின்னர் அந்த மரம் நெகிரி செம்பிலானிலும் பரவியது. பால்வெட்ட நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தார்கள்.

ரப்பர் காயில் பொதுவாக மூன்று விதைகள் இருக்கும். முற்றிய காய் வெயிலில் டப்பென்று வெடித்து, விதைகளைத் தூர எறியும். அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கினால் எங்களுக்குத் திருவிழாதான். காற்சட்டைப் பை கிழியும் அளவுக்குப் பொறுக்குவோம். ஒரு கொட்டைமேல் இன்னொன்றை வைத்துக் கையால் குத்தினால், உடைந்த கொட்டைக்காரன் தோற்றான். மண்ணில் குழி தோண்டினால் பல்லாங்குழி. கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தால் அலறுவான். உராய்வினால் வெப்பம் உண்டாகும் என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்கும் முன்பே தோலில் படித்துவிட்டோம்!

மரத்தின் வெட்டுப்பட்டையில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை இழுத்து உருட்டிப் பந்து செய்வதும் உண்டு. அந்தப் பந்து கூரை உயரத்துக்கு எழும்பும். ஆனால் ஒட்டுப்பாலும் நிறுத்து விற்கும் சரக்கு. கங்காணி கண்டால் பந்தோடு ஆளும் ஓட வேண்டியதுதான். மெக்சிகோ நாட்டில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மரப்பாலில் பந்து செய்தார்கள். அது வேறு மரம் என்றாலும் வித்தை ஒன்றே.

இனி நேரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பள்ளி விட்ட பிறகு பொழுது சாயும்வரை கிட்டிப்புள், கோலி, பம்பரம், சடுகுடு எல்லாம் நடக்கும்.

எல்லாப் பிள்ளைகளுக்குமா? இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆயாக் கொட்டகையிலிருந்து குழந்தையைத் தூக்கி வருவது, உலை வைப்பது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் மூத்த பெண்பிள்ளையின் வேலை. என்னை இடுப்பில் சுமந்தவர் என் அக்காதான். அவர் நொண்டி ஆடியதை நான் பார்த்ததே இல்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து ஐந்தாங்கல் ஆடுவார். ஒரு கை கல்லைப் பிடிக்கும், மறு கை என்னைப் பிடிக்கும். பெண்பிள்ளைகளுக்கு உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களே பிடிக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். பிடித்ததால் ஆடினார்களா, இடுப்பில் குழந்தை இருந்ததால் ஆடினார்களா என்று அவர்களையே கேட்க வேண்டும்.

எங்களுக்கு முந்திய தலைமுறையின் நிலை இன்னும் நெருக்கடியானது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள், ஊரடங்கும் இருந்தது. நிலா வெளிச்சத்தில் கண்ணாமூச்சி ஆட வேண்டிய பிள்ளைகள் கதவுக்குள் முடங்கினார்கள்.

பின்னர், ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. ரப்பர் மரத்தடியில் வரிசைக்கு வரிசை ஓடலாம். செம்பனை மட்டையிலோ முள். வெட்டிப் போட்ட மட்டைக் குவியலுக்குள் பாம்பு கிடக்கும். அங்கே போய் விளையாடு என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். நீலாய்ப் பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவே மாறிவிட்டன. என் வகுப்பில் ஒருநாள் ரப்பர் கொட்டை ஒன்றை மேசைமேல் வைத்தேன். அதன் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்து, "சார், இது எந்தப் பறவை முட்டை?" என்று ஒரு பையன் கேட்டான்.