நீதி கேட்கும் ஆவிகள்: ஜப்பானிய நம்பிக்கை தரும் ஒரு பாடம்

ஆவிகளைப் பற்றிய நம்பிக்கைகளை அறியாமையின் விளைவென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், ஒரு சமுதாயம் எவருடைய ஆவிக்கு அஞ்சிற்று என்று வினவுவோமாயின், அச்சமுதாயத்தின் மனச்சான்று நமக்குப் புலப்படும். ஜப்பானிய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஜப்பானியர் மரித்தோர் அனைவருக்கும் அஞ்சியவர் அல்லர். கோடையில் வரும் ஒபோன் விழாவில் முன்னோரின் ஆவிகளை விளக்கேற்றி வரவேற்று, மீண்டும் வழியனுப்புவது அவர்தம் வழக்கம். அவர்கள் பெரிதும் அஞ்சியது அநீதியாய் மாண்டோரின் ஆவிகளுக்கே. அவற்றை ‘ஒன்ரியோ’ என்றனர்.

785ஆம் ஆண்டில், பேரரசர் கம்முவின் தம்பியும் பட்டத்து இளவரசருமான சவாரா, கொலைச் சதியொன்றில் பங்குகொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, நாடு கடத்தப்படும் வழியில் உணவின்றி உயிர்நீத்தார். பின்னர் அரச குடும்பத்தில் நோயும் மரணமும் தொடர்ந்தன. இவற்றைச் சவாராவின் சினமெனக் கருதிய அரசவை, 800இல் இறந்தவருக்குப் பேரரசர் என்னும் பட்டத்தையே வழங்கியது. 863இல் தலைநகரில் கொள்ளைநோய் பரவியபோது, சவாரா உள்ளிட்ட அறுவரின் ஆவிகளை அமைதிப்படுத்தும் சடங்கை அரசவையே நடத்தியது.

இவரினும் புகழ்பெற்றவர் சுகவாரா மிச்சிசானே. கல்வியால் உயர்ந்து அமைச்சரான இவர், ஃபுஜிவாரா குடும்பத்தாரின் பழிச்சொல்லால் 901இல் தொலைவிலுள்ள தசைஃபுவுக்கு அனுப்பப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். 923இல் பட்டத்து இளவரசர் மரித்தபோது, மிச்சிசானேயின் பதவி அவருக்கு மீண்டும் அளிக்கப்பட்டது. 930இல் அரண்மனையில் இடி விழுந்து சிலர் மாண்டனர், அச்சம் பெருகிற்று. 947இல் கித்தானோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. இன்றும் தேர்வு எழுதும் மாணவர் அவரைக் கல்வித் தெய்வமாக வணங்குகின்றனர்.

பிற்காலத்தில் இந்நம்பிக்கை அரண்மனையைக் கடந்து பொதுமக்களின் நாடக மேடைக்கும் வந்தது. 1825இல் அரங்கேறிய ‘யொத்சுயா கைதான்’ நாடகத்தில் நீதி கேட்டு வருபவள், நஞ்சினால் முகம் சிதைந்து, கணவனால் வஞ்சிக்கப்பட்டு மடிந்த ஓய்வா என்னும் ஏழை மனைவி. உயிரோடிருந்தபோது எவரும் கேளாத அவளுடைய முறையீட்டை, இறந்த பின்னரே உலகம் கேட்டது.

கொல்லப்பட்டவனின் வழக்கு கல்லறையோடு முடிவதில்லை. பேரரசனும் அதற்கு விடை கூறியாக வேண்டும் என்பதே இந்நம்பிக்கையின் உட்பொருள். ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து முறையிட்டதை அறிந்த நாம் இதனை எள்ளி நகையாட இயலாது. ஆயினும் இதன் குறையையும் காண வேண்டும். அரசவையை அசைத்தது அச்சமே, மனந்திரும்புதல் அன்று. மிச்சிசானேக்குக் கோயில் எழுந்த பின்னரும் ஃபுஜிவாராக்களின் ஆதிக்கம் தொடர்ந்தது. தீர்க்கதரிசிகளின் கல்லறைகளை அலங்கரித்தவர்களை நம் ஆண்டவர் கடிந்துகொண்டது இங்கு நினைவிற்கு வருகிறது. இறந்தோருக்கு மாலை சூட்டுதல் எளிது. வாழ்வோருக்கு நீதி செய்தலே அரிது.

அநீதியாய்க் கொல்லப்பட்ட ஒருவர் திரும்பி வந்தார் என்பதே நம் நற்செய்தி. அவரைக் கண்ட சீடர்களும் ஆவி என்றே அஞ்சினர். அவரோ பழிவாங்க வரவில்லை, சமாதானம் கூறினார். எனினும் தம் காயங்களை மறைக்கவுமில்லை. அக்காயங்களைக் காட்டாமல் சமாதானத்தை மட்டும் போதிக்கும் திருச்சபை, ஓய்வாவின் முறையீட்டுக்கு என்ன விடை கூறும்?