ஸ்க்ரம்: ஒரு வேலைமுறை பரீட்சையான கதை

கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் பாலமுனைக்குச் சென்றிருந்தபோது, என் சகோதரியின் மகன் பெருநாள் சாப்பாட்டை அரைகுறையாக முடித்துவிட்டுக் கணினியின் முன் அமர்ந்திருந்தான். பக்கத்து ஊரான ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றுபவன். ஸ்க்ரம் பரீட்சையில் ஒருமுறை தவறிவிட்டு, மீண்டும் தோற்றத் தயாராகிக்கொண்டிருந்தான். கட்டணமோ அமெரிக்க டொலரில். ஒரு கட்டணத்துக்கு ஒரு தடவைதான்.

"கேள்வியெல்லாம் பாடம் மாமா. ஆனா அங்க கேட்கிற விதம் வேற" என்றான்.

முப்பது வருடங்களாகச் செய்தித்தாள் வேலை பார்க்கும் எனக்கு அந்தச் சொல் புதிது. அதன் வரலாற்றைத் தேடிப் படித்ததில் அறிந்தவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

ஸ்க்ரம் என்பது றக்பி விளையாட்டுக்குரிய சொல். இரு அணிகளிலும் எட்டுப் பேர் வீதம் தோளோடு தோள் பிணைத்துக் குனிந்து, நடுவில் இடப்படும் பந்துக்காக முட்டி மோதும் காட்சியை, 1945 முதல் றோயல், திரினிற்றிக் கல்லூரிகளுக்கிடையே நடைபெற்றுவரும் பிரட்பி கேடயப் போட்டிகளில் பலரும் பார்த்திருப்பீர்கள். 1986இல் ஹிரொடாகா தகெயூச்சி, இகுஜிரோ நொனாகா என்ற இரு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹாவார்ட் பிஸ்னஸ் ரிவியூ சஞ்சிகையில் எழுதிய கட்டுரையொன்றே இச்சொல்லைத் தொழிலுலகுக்குக் கொண்டுவந்தது. ஹொண்டா, கெனன் போன்ற நிறுவனங்களை ஆராய்ந்த அவர்கள், அஞ்சலோட்டத்தில் கோலைக் கைமாற்றுவதுபோல் ஒரு பிரிவு முடித்து மறு பிரிவிடம் ஒப்படைக்கும் முறையைவிட, றக்பி அணிபோல் அனைவரும் ஒன்றாக முன்னேறும் முறையே புதிய பொருட்களை விரைவாக உருவாக்க உதவுகிறது என்று வாதிட்டனர்.

அமெரிக்க விமானப்படையில் விமானியாக இருந்த ஜெப் சதர்லாண்ட், 1993இல் ஈசல் கோப்பரேஷன் என்ற நிறுவனத்தில் இக்கருத்தை மென்பொருள் வேலைக்குப் பயன்படுத்தினார். 1995இல் அவரும் கென் ஷ்வாபரும் அதனை ஒரு முறையாக வகுத்து மாநாடொன்றில் முன்வைத்தனர். ஒலுவில் பல்கலைக்கழகம், பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டதும் அதே வருடத்தில்தான். 2001 பெப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எஜைல் பிரகடனத்தை வெளியிட்டபோது இவ்விருவரும் அதில் இருந்தனர்.

சான்றிதழ் அதன் பின்னரே வந்தது. ஸ்க்ரம் அலையன்ஸ் அமைப்பின் ஆரம்ப காலத்தில் இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தாலே சான்றிதழ் கிடைத்துவிடும். வகுப்பில் இருந்ததற்கும் அறிந்ததற்கும் வேறுபாடு உண்டல்லவா? 2009இல் அவ்வமைப்பிலிருந்து விலகிய ஷ்வாபர், அறிவைச் சோதிக்கும் பரீட்சைகளை முன்னிறுத்தி ஸ்க்ரம் டொட் ஓர்க்கை நிறுவினார். அடுத்த வருடம் ஸ்க்ரம் வழிகாட்டி வெளியானது. யாரும் இலவசமாகப் பெறக்கூடிய இச்சிறு நூல் பல தடவை திருத்தப்பட்டு, 2020 நவம்பரில் பதின்மூன்று பக்கங்களாகச் சுருங்கியது.

மருமகன் தவறியது 80 கேள்விகளுக்கு 60 நிமிடங்களில் விடையளிக்க வேண்டிய பரீட்சை. சித்தியடைய 85 வீதம், அதாவது 68 சரியான விடைகள் தேவை. ஒரு கேள்விக்கு 45 செக்கன்கள். இணையத்தில் உலவும் வினாத்தொகுப்புகளை மனனம் செய்தவனுக்கு, கேள்வி சற்றுத் திரும்பி நின்றதும் கால் இடறிவிட்டது.

வழிகாட்டியை இருவரும் சேர்ந்து வாசித்தோம். பின்னர், 30 கேள்விகள் கொண்ட இலவசப் பயிற்சிச் சோதனையைச் செய்யச் சொன்னேன். பிழைத்த விடைகளை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "உன் அலுவலகத்தில் இது எப்படி நடக்கிறது?" என்று எழுதுமாறு கூறினேன். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது.

நாளாந்தம் 15 நிமிடம் நடைபெறும் கூட்டம், வேலை செய்வோர் தமக்குள் அன்றைய திட்டத்தைச் சரிசெய்துகொள்வதற்கானது. அவனுடைய அலுவலகத்திலோ ஒவ்வொருவரும் முகாமையாளரிடம் கணக்கு ஒப்புவிக்கிறார்கள். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன என்ற மூன்று கேள்விகளும் 2020 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன. அங்கே அவை இன்றும் கட்டாயம். ஸ்பிரிண்ட் எனப்படும் வேலைச்சுற்று ஒரு மாதத்தை மீறக்கூடாது. அதை இடையில் இரத்துச்செய்யும் அதிகாரம் புரொடக்ட் ஓனருக்கு மட்டுமே உண்டு. அங்கே யாரும் நிறுத்துவார்கள், யாரும் நீட்டுவார்கள். அலுவலகப் பழக்கத்தையே விதியென்று நம்பி விடையளித்ததால் அவனுக்குப் பல புள்ளிகள் போயின.

எங்கள் ஆசிரியபீடத்திலும் தினமும் கூட்டம் உண்டு. அச்சான பத்திரிகையை விரித்துப் பிழைகளைப் பார்ப்பதும் உண்டு. ஆசிரியர் பேச மற்றவர்கள் தலையாட்டிய நாட்களில், அதே பிழைகள் மறுநாளும் அச்சேறியதைக் கண்டிருக்கிறேன். கூட்டம் என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது.

ஆகவே, இத்தகைய பரீட்சையின் பயன் சான்றிதழில் மாத்திரம் இல்லை என்பதே என் கருத்து. நாம் செய்துகொண்டிருப்பதற்கும் செய்வதாகச் சொல்லிக்கொள்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை அது காட்டித்தருகிறது. மனனம் செய்தவருக்கு அந்தத் தூரம் தெரியவராது.

விடுமுறை முடிந்து கொழும்புக்குத் திரும்பிய மருமகன், இரண்டாம் தடவைக்கான கட்டணத்தை இன்னும் செலுத்தவில்லை. அந்தக் கொப்பியை முதலில் தன் குழுவினரிடம் காட்டப்போவதாகச் சொல்லியிருக்கிறான். முகாமையாளர் அதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று அவனுடைய உம்மாவுக்குக் கவலை. எனக்கும்தான்.