மேற்கு ஆப்பிரிக்க வேளாண்மைக்கும் உணவுப் பாதுகாப்புக்குமான பன்னாட்டு உதவி

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் உழவுத் தொழிலுக்கும் உணவுத் தேவைக்கும் அயல்நாட்டு அரசுகள், ஐ.நா. அமைப்புகள், உலக வங்கி, தொண்டு நிறுவனங்கள் முதலியவை அளித்துவரும் தானியம், நிதி, தொழில்நுட்பம் ஆகியவற்றை இக்கட்டுரை விவரிக்கிறது. 1970களில் இவ்வுதவி பெருமளவில் தொடங்கியது. சகாராவின் தென்விளிம்பில் அமைந்த சாகேல் நாடுகளான மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் ஆகியவற்றுக்கு அதில் முக்கிய இடம் உண்டு.

பின்னணி

சாகேலில் மழைக்காலம் மூன்று, நான்கு மாதங்களே. கம்பு, சோளம், தட்டைப்பயறு ஆகியவை மானாவாரியில் விளைகின்றன. கம்பு முதன்முதலில் பயிராக்கப்பட்டதும் இப்பகுதியில்தான்; இந்தியாவுக்கு அது பிறகே வந்தது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குதிர்கள் வெறுமையாகிவிடும். விதைப்புக்கும் களையெடுப்புக்கும் உடலில் வலு வேண்டிய அதே நாட்களில் வீட்டில் தானியம் இராது; சந்தையில் விலை ஏறியிருக்கும். பிரெஞ்சு மொழியில் இக்காலத்துக்கு ‘சூதூர்’ என்று பெயர். பழைய விளைச்சலையும் புதிய விளைச்சலையும் பற்றவைக்கும் காலம் என்பது பொருள். உதவி எவ்வளவு வந்தது என்பதைப் போலவே, இந்தப் பசிக்காலத்துக்குள் வந்ததா என்பதும் முக்கியம்.

உணவுதவியும் முன்னெச்சரிக்கையும்

1968 முதல் 1974 வரை நீடித்த வறட்சி பயிர்களையும் கால்நடைகளையும் அழித்தது. அப்போது கப்பல்களில் தானியம் அனுப்பப்பட்டது. 1973இல் சாகேல் நாடுகள் ஒன்றுகூடி ‘சில்ஸ்’ எனப்படும் வறட்சித் தடுப்புக் குழுவை வாகடூகுவில் நிறுவின. 1974இல் ரோமில் நடந்த உலக உணவு மாநாட்டின் விளைவாகப் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் 1977இல் உருவானது. 1980களின் நடுவில் மீண்டும் பஞ்சம் வந்தபின், 1985இல் அமெரிக்கா ‘ஃபியூஸ் நெட்’ என்ற பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. இன்று சில்ஸ் வழிநடத்தும் மதிப்பீட்டில் ஒவ்வொரு மாவட்டத்தின் உணவு நிலையும் ஒரே அளவுகோலில் ஐந்து படிகளாகப் பிரித்து அளக்கப்படுகிறது.

எச்சரிக்கை கிடைத்தாலும் உதவி உடனே வந்துவிடுவதில்லை. நைஜரில் 2004இல் வறட்சியும் வெட்டுக்கிளியும் விளைச்சலைக் குலைத்தன. அவ்வாண்டு இறுதியில் விடுக்கப்பட்ட வேண்டுகோளுக்குப் பெரிதாக யாரும் செவிசாய்க்கவில்லை. 2005 ஜூலையில் மெலிந்த குழந்தைகளின் படங்கள் தொலைக்காட்சியில் வந்த பிறகே நிதி குவிந்தது. அதற்குள் அடுத்த அறுவடை நெருங்கிவிட்டது. அறுவடை நேரத்தில் வந்திறங்கும் இலவசத் தானியம் உள்ளூர் விலையைக் குறைத்து உழவரையே பாதிக்கும். இதனால் உலக உணவுத் திட்டம் 2008 முதல் சில நாடுகளில் சிறு உழவர்களிடமிருந்தே தானியம் வாங்கும் முயற்சியை மேற்கொண்டது.

ஆய்வு உதவி

நைஜீரியாவின் இபடான் நகரில் 1967இல் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1970களில் மரவள்ளியை மாவுப்பூச்சி தாக்கியது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவில் இயற்கை எதிரி இல்லை. பராகுவேயில் கண்டெடுத்த ‘அனாகிரஸ் லோபெசி’ என்ற ஒட்டுண்ணிக் குளவி 1981இல் நைஜீரியாவில் விடப்பட்டது. குளவி தானே பெருகிப் பரவியதால் உழவர் மருந்து வாங்க வேண்டியிருக்கவில்லை. இப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே பூச்சி 2020இல் இந்தியாவில் தென்பட்டபோது, அதே குளவி பெனினிலிருந்து தருவிக்கப்பட்டு 2022இல் சேலம் வட்டாரத்தில் விடப்பட்டது.

இன்று ‘ஆப்பிரிக்க நெல் மையம்’ எனப்படும் நிறுவனத்தில் சியரா லியோன் அறிவியலாளர் மான்ட்டி ஜோன்ஸ், மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய நெல்லினத்தையும் ஆசிய நெல்லையும் கலந்து ‘நெரிக்கா’ வகைகளை உருவாக்கினார். அவருக்கு 2004இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பாசனம்

மாலியின் ‘ஒஃபீஸ் து நிஜேர்’ பாசனத் திட்டம் 1932இல் பிரெஞ்சு ஆட்சியில், பிரான்ஸ் நாட்டு ஆலைகளுக்குப் பருத்தி விளைவிக்கும் நோக்குடன் தொடங்கியது. மார்க்காலா அணை 1947இல் முடிந்தது. திட்டமிட்டது சுமார் 10 லட்சம் ஹெக்டேர். பாசனம் பெற்றதோ அதில் சிறு பகுதிதான். 1980களில் நெதர்லாந்து, உலக வங்கி முதலியோரின் உதவியால் வாய்க்கால்கள் சீரமைக்கப்பட்டன. நெல்லை அரசுக்கே விற்கவேண்டும் என்ற கட்டாயமும் நீங்கியது. இரண்டும் சேர்ந்ததால் நெல் விளைச்சல் பல மடங்கு கூடியது.

மண்ணும் மரமும்

புர்க்கினா பாசோவின் யதெங்கா பகுதியில் மழைநீர் இறுகிய மண்மேல் ஓடி வீணாகியது. சம உயரக் கோட்டில் கல்வரிசை இட்டால் நீர் தங்கும். ஆனால் அந்த மட்டத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் துணையுடன் நடந்த திட்டம், கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல் நீர் நிரப்பிய குழாயால் அளக்க உழவருக்குக் கற்றுத்தந்தது. எழுத்தறியாதவரும் இதை விரைவில் பழகிக்கொண்டனர். ‘சாய்’ எனப்படும் உள்ளூர்க் குழிமுறையும் உடன் பரவியது: கோடையில் சிறு குழிகள் தோண்டி எரு இடுவர், கறையான்கள் மண்ணைத் துளைத்து இளக்கும், மழை வந்ததும் குழியிலேயே விதைப்பர். இம்முறையை மேம்படுத்திப் பரப்பிய உழவர் யாகூபா சவடோகோ 2018இல் ‘சரியான வாழ்வாதார விருது’ பெற்றார்.

நைஜரின் மராடி பகுதியில் 1983 முதல் ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ, வயலில் வெட்டுண்டு கிடந்த அடிமரங்களின் தளிர்களைக் காக்கும் முறையைப் பரப்பினார். நாற்று வாங்கவும் வேண்டாம், நீர் ஊற்றவும் வேண்டாம். நல்ல தளிர்களை விட்டு மற்றவற்றைக் கழித்தால் போதும். இம்முறையால் நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் மீண்டதாக மதிப்பிடப்படுகிறது.

விமர்சனங்கள்

உதவியும் வணிகக் கொள்கையும் முரண்படுவது முக்கியக் குறை. அமெரிக்கா உள்ளிட்ட பணக்கார நாடுகள் தம் பருத்தி உழவருக்குத் தரும் மானியம் உலக விலையைக் குறைக்கிறது என்று 2003இல் பெனின், புர்க்கினா பாசோ, சாட், மாலி ஆகியவை உலக வணிக அமைப்பில் முறையிட்டன. இறக்குமதியை நம்பியிருப்பதும் ஆபத்தே. செனிகல் மக்கள் விரும்பி உண்பது நொய்யரிசி. 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, அதை அங்கிருந்து வாங்கிவந்த செனிகல் வேறு வழி தேட நேர்ந்தது.

அண்மை நிலை

2025 ஜனவரியில் அமெரிக்கா அயல்நாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது ஃபியூஸ் நெட் முடங்கியது; பின்னர் பகுதியளவில் மீண்டது. அதே மாதம் மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் மூன்றும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் ‘எகோவாஸ்’ கூட்டமைப்பிலிருந்து விலகின. சொந்த நிதியைப் பொறுத்தவரை, தம் வரவுசெலவுத் திட்டத்தில் 10 விழுக்காட்டை வேளாண்மைக்கு ஒதுக்குவதாக ஆப்பிரிக்க நாடுகள் 2003இல் மபூட்டோவில் உறுதியளித்து, 2014இல் மலாபோவில் அதைப் புதுப்பித்தன. சில நாடுகளே அந்த அளவை எட்டியுள்ளன.