நன்னீர் முத்து பதித்த நவீனத் தங்க நகைகள்

லண்டன், ஜெனீவா முதலிய நகரங்களின் பட்டறைகளில், பெரும்பாலும் 1960-களிலும் 1970-களிலும், 18 காரட் தங்கத்தில் நன்னீர் முத்தும் சிறு வைரங்களும் பதித்துச் செய்யப்பட்ட ப்ரூச், மோதிரம், தொங்கட்டான் வகைகள். கல்லின் எடையைவிட நகையின் வடிவமே இவற்றில் பெரிதாக மதிக்கப்பட்டது.

ஆற்று முத்து நகைக்குப் புதிதல்ல. மிசிசிப்பி ஆற்று மட்டிகளில் கிடைத்த இறகு வடிவ முத்துகளை டிஃபனி நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செவ்வந்தி ப்ரூச்சுகளில் இதழ்களாக அடுக்கியிருந்தது. ஆனால் அவை இயற்கை முத்துகள், அரிதானவை. நிலைமையை மாற்றியது ஜப்பானின் பிவா ஏரி. கடல் முத்து வளர்ப்பில் சிப்பிக்குள் உருண்டை மணி ஒன்றை வைப்பார்கள். அதன்மேல் படியும் முத்தும் உருண்டையாகிவிடும். பிவாவிலோ, ஒரு மட்டியின் மேலுறையிலிருந்து நறுக்கிய சிறு துணுக்கை மட்டும் இன்னொரு மட்டிக்குள் செருகினார்கள். உள்ளே மணி இல்லாததால் முத்து தன்போக்கில் வளர்ந்தது: குச்சியாக, பல்லாக, இறகாக. ஆணிமுத்தையே தேடிய கண்ணுக்கு இவை ஒதுக்குப் பொருள். உண்மையில், உட்கரு மணியில்லாத இவை ஏறக்குறைய முழுக்க முத்துப்பொருளே. இவற்றின் ஆழ்ந்த பளபளப்புக்கு அதுவும் ஒரு காரணம்.

கோணல் முத்துக்கு ஏற்ற தங்கவேலை லண்டனில் உருவாகிக்கொண்டிருந்தது. 1961-இல் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் கிரஹாம் ஹியூஸ் அமைத்த உலக நவீன நகைக் கண்காட்சி பெரும் திருப்பம். அதற்காகச் சிற்பிகளும் மெழுகில் உருச் செய்து தந்தார்கள். அவை தங்கத்தில் வார்க்கப்பட்டன. ரோமில் பிறந்து, பொறியியல் படித்து, மாமனாரின் பட்டறை வழியாகத் தொழிலுக்கு வந்த ஆண்ட்ரூ கிரீமா (1921–2007) இந்தப் போக்கின் தலையாய கலைஞர். இலை, மரப்பட்டை ஆகியவற்றின் வரிகளைக்கூட அவர் வார்ப்பில் பிடித்தார். 1966-இல் ஜெர்மின் தெருவில் கடை திறந்தார். நேர்த்தியான வடிவமைப்புக்கான எடின்பரோ கோமகன் பரிசும் அதே ஆண்டு கிடைத்தது. ஜான் டொனால்டு தங்கக் குழல்களை ஒட்டிக் கட்டினார். ஜெனீவாவில் கில்பர்ட் ஆல்பர்ட் கோணல் முத்துகளை விரும்பிக் கையாண்டார்.

மெருகேற்றிய தங்கம் முத்தின் ஒளியோடு போட்டியிடும். சொரசொரப்பான தங்கம் அதற்கு இடம் விட்டு விலகி நிற்கும். இந்த நகைகளின் அழகு பெரிதும் அந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது. வைரங்கள் பெரும்பாலும் சிறியவை. முத்தின் மென்மையான ஒளிக்குப் பக்கத்தில் கூர்மையான மினுக்கம் தேவைப்படும் இடத்தில் மட்டும் வந்தன.

மாசு மிகுந்து மட்டிகள் மடிந்ததால் 1980-களில் பிவா வளர்ப்பு நொடிந்தது. சீன நன்னீர் முத்து சந்தையைப் பிடித்தது. பழைய லண்டன் நகையின் ஆண்டை அறிய, முத்திரைகளுக்கிடையே உள்ள ஆண்டெழுத்தைப் பார்க்க வேண்டும். முத்துகள் பெரும்பாலும் பாதித் துளையில் தங்க ஆணி நுழைத்து, பசையால் ஒட்டப்பட்டவை. பசை நாளடைவில் தளரும். வாசனைத் தைலமும் அமிலமும் முத்தின் மேற்பரப்பை அரிக்கும். ஆகவே இவற்றை அதிர்வலைக் கருவியில் கழுவாமல், ஈரத் துணியால் துடைப்பதே முறை.